ஆட்டோ அப்டேட் ஓடுது, ஆனா அப்டேட் வரல: லினக்ஸ் சர்வீஸ்களின் வரிசையைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நாலு கம்ப்யூட்டர், நாலிலும் உபுண்டு 22.04 லினக்ஸ். காலையில் ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கி மெயின் சுவிட்சைப் போடுவார். ராத்திரி ஒன்பதுக்கு அதே மெயினை இறக்கிவிட்டுப் போவார். ரெண்டு மெஷின் நாள் முழுக்க ஓடும். மற்ற ரெண்டும் சாயந்திரம் கூட்டம் வந்தால் மட்டும், ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம்.

"தம்பி, அப்டேட்டு தானா வந்துரும்னு சொல்லிட்டுப் போன. இந்த ரெண்டுலயும் மூணு வாரமா ஒண்ணும் வரல. இன்னானு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எல்லாம் எனேபிள் ஆகியிருக்கிறது, எல்லாம் பச்சை. தினமும் அப்கிரேட் ஓடியிருக்கிறது என்று லாக் சொல்கிறது. ஓடி முடித்துவிட்டு, மேம்படுத்த ஒரு பேக்கேஜும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. கையால் ஆப்ட் அப்டேட் (பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்ததும் அறுபது சொச்சம் பேக்கேஜ் வரிசை கட்டி நின்றது. சர்வீஸ் எதுவும் கெட்டுப்போகவில்லை. எது முதலில், எது அடுத்து என்பதுதான் தலைகீழாகியிருந்தது.

அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த வழியைத்தான் கீழே எழுதுகிறேன். உபுண்டு, டெபியன் ரெண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது எல்லாம் சிறிய எழுத்து. ஃபைலுக்குள் எழுதும் அமைப்புப் பெயர்களில் (யூனிட், வான்ட்ஸ், ஆன்காலண்டர் போன்றவை) மட்டும் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. சிஸ்டம்சிடிஎல் என்றால் சிஸ்டம் என்ற சொல்லோடு சி, டி, எல் மூன்றையும் இடைவெளி விடாமல் ஒட்டுங்கள்.

முதலில்: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். தானியங்கி அப்டேட் என்பது ஒரே சர்வீஸ் (பின்னணியில் ஓடும் வேலை) கிடையாது.

ஆப்ட்-டெய்லி.சர்வீஸ்: பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும், அமைப்பைப் பொறுத்து பேக்கேஜ்களை இறக்கியும் வைக்கும். நிறுவாது. இதை எழுப்புவது ஆப்ட்-டெய்லி.டைமர்.

ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ்: கையில் இருக்கும் பட்டியலைப் பார்த்து நிறுவும். பட்டியலை இது புதுப்பிக்காது. பட்டியல் பழசு என்றால் பழசை வைத்துத்தான் முடிவெடுக்கும். இதற்கும் தனி டைமர் உண்டு.

அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸ்: பெயரைப் பார்த்தால் எல்லா வேலையையும் இதுதான் செய்கிறது என்று தோன்றும். இந்தப் பெயரில் இருக்கும் சர்வீஸ் ஷட்டவுன் நேரத்துக் காவல்காரர். அப்டேட் பாதியில் இருக்கும்போது யாராவது மெஷினை அணைத்தால், வேலை முடியும்வரை பிடித்து வைப்பார். இதை நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒரு அப்டேட்கூட வராது. நானும் முதல் நாள் அரை மணி நேரம் இதோடுதான் மல்லுக்கட்டினேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

உபுண்டு மெஷினில் ஸ்னாப் என்று இன்னொருவர் தன் கணக்கில் தனியாக அப்டேட் செய்துகொள்வார். அவருக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமில்லை, இன்றைக்கு அவரை விட்டுவிடுவோம்.

அடுத்து: டைமர்களைப் பாருங்கள்

சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்

அடுத்து எப்போது ஓடும், கடைசியாக எப்போது ஓடியது என்று இரண்டு நெடுவரிசை வரும். அந்தச் சாயந்திர மெஷினில் அப்கிரேட் டைமர் நேற்று ஓடியிருந்தது, அதற்கு முந்தின நாளும் ஓடியதாக லாக் சொன்னது. ஆப்ட்-டெய்லி டைமர் கடைசியாக ஓடி வாரக்கணக்கில் ஆகியிருந்தது. அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஏன் என்று பார்க்க இரண்டு ஃபைலையும் திறக்க வேண்டும்.

சிஸ்டம்சிடிஎல் கேட் ஆப்ட்-டெய்லி.டைமர்
சிஸ்டம்சிடிஎல் கேட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்

முதல் டைமருக்கு நேரம் காலை 6, மாலை 18. அதோடு ரேண்டமைஸ்ட்டிலேசெக் என்ற வரியில் 12 மணி நேரம். இரண்டாவது டைமருக்கு நேரம் காலை 6, சீரற்ற தாமதம் 60 நிமிடம். இரண்டிலும் பெர்சிஸ்டன்ட் என்பது ட்ரூ. அதாவது மெஷின் அணைந்திருந்த நேரத்தில் தவறிப்போன முறையை, பூட் ஆனதும் ஈடுகட்டு என்று அர்த்தம்.

உலகம் முழுக்க இருக்கும் மெஷின்கள் ஒரே நேரத்தில் உபுண்டு சர்வரில் போய் மோதக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 12 மணி நேரத் தாமதம். இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் சர்வருக்கு அது நியாயம். நம் கடைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாயந்திரம் மெஷினைப் போட்டதும் இரண்டு டைமரும் ஈடுகட்டப் பார்க்கும். அந்த ஈடுகட்டலுக்கும் சீரற்ற தாமதம் உண்டு. அப்கிரேட் எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிடும். பட்டியல் புதுப்பிக்கும் வேலை 0 முதல் 12 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் விழலாம். மெஷின் ஓடுவதோ ஒரு மணி நேரம். ஆக, பன்னிரண்டில் ஒரு நாள்தான் பட்டியல் புதுப்பிக்க வாய்ப்பு. மறுநாள் பூட் ஆனால் தாமதம் புதிதாகக் குலுக்கிப் போடப்படும், நேற்று காத்திருந்த நேரம் கணக்கில் வராது.

நாள் முழுக்க ஓடும் மெஷின்களில் இது அவ்வளவாகத் தெரியாது. அங்கே அப்கிரேட் காலையிலேயே நேற்றைய பட்டியலை வைத்து ஓடிவிடும், பட்டியல் மத்தியானம் சாவகாசமாகப் புதுப்பிக்கப்படும். எப்போதும் ஒரு நாள் பின்னால், அவ்வளவுதான். ஒரே கடையில் ரெண்டு மெஷின் ஒழுங்காகவும் ரெண்டு மெஷின் சோம்பேறியாகவும் இருந்த காரணம் இதுதான்.

ஆஃப்டர் இருக்கிறதே, அப்புறம் ஏன்?

இப்போது அப்கிரேட் சர்வீஸையே திறந்து பாருங்கள்.

சிஸ்டம்சிடிஎல் கேட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ்

ஆஃப்டர்= என்ற வரியில் ஆப்ட்-டெய்லி.சர்வீஸ் தெளிவாக இருக்கும். இதைப் பார்த்ததும் "அதான் போட்டிருக்கே, முதல்ல பட்டியல், அப்புறம்தானே அப்கிரேட்" என்று தோன்றும். அந்த வரி அப்படிச் சொல்லவில்லை.

தெருவில் தண்ணி லாரி வரும்போது குடங்களை வரிசையில் வைப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். "எதிர்வீட்டு அக்காவுக்குப் பின்னாடிதான் நான் பிடிப்பேன்" என்று ஒருவர் சொல்கிறார். அக்கா வந்து நின்றால் அவர் பிடித்து முடிக்கும்வரை இவர் காத்திருப்பார். அக்கா வரவே இல்லை என்றால்? லாரி வந்ததும் இவர் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போவார். அக்கா வீட்டுக் கதவைத் தட்டி எழுப்ப மாட்டார். ஆஃப்டர் என்பது இவ்வளவுதான்: இருவரும் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றால் யார் முன்னால், யார் பின்னால். கதவைத் தட்டுகிற வேலைக்கு வேறு வரி: வான்ட்ஸ்= அல்லது ரிக்வயர்ஸ்=. சர்வீஸ்களையும் டைமர்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி இந்த இரண்டையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது. வான்ட்ஸ் மட்டும் போட்டு ஆஃப்டர் போடாவிட்டால் இருவரும் ஒரே சமயத்தில் குடத்தை நீட்டுவார்கள்.

இன்னொரு பொறி: அப்கிரேட் டைமரிலும் ஆஃப்டர்=ஆப்ட்-டெய்லி.டைமர் என்று இருக்கும். அது டைமர் யூனிட்கள் இயக்கத்துக்கு வரும் வரிசை மட்டுமே. பூட் ஆகும்போது முதல் டைமர் உட்கார்ந்த பிறகு இரண்டாவது டைமர் உட்காரும். அவை எழுப்பும் வேலைகளுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை.

முதல் திருத்தம்: ஒரே வரி

அப்கிரேட் சர்வீஸில் ஆஃப்டர் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது வான்ட்ஸ் மட்டும்.

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ்

எடிட்டர் திறக்கும். அதில் இதை எழுதுங்கள்:

[யூனிட்]
வான்ட்ஸ்=ஆப்ட்-டெய்லி.சர்வீஸ்

எங்கே எழுதுகிறோம் என்பதில் கவனம். மேலே ஒரு குறிப்பு வரி, கீழே ஒரு குறிப்பு வரி இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எழுதியதுதான் சேமிக்கப்படும். கீழே எழுதினால் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடும். லிப் கோப்புறைக்குள் இருக்கும் அசல் ஃபைலில் கைவைக்க வேண்டாம், அடுத்த பேக்கேஜ் அப்டேட்டில் அது மேலெழுதப்பட்டுவிடும். எடிட் கட்டளை ஈடிசி கோப்புறையில் தனி ஃபைலாக வைப்பதால் அது நிலைக்கும். மனசு மாறினால் சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட் கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

இனி அப்கிரேட் கிளம்பும்போதெல்லாம் பட்டியல் வேலையையும் கூட்டிக்கொண்டு கிளம்பும். அது ஒன்ஷாட் வகை சர்வீஸ் என்பதால், தொடங்கினால் போதாது, முடிந்தால்தான் அடுத்தவருக்கு வழி. ஒரே நாளில் நாலு முறை ரீபூட் ஆனால் நாலு முறை பட்டியல் இறங்குமோ என்று கவலை வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் வார்/லிப்/ஆப்ட்/பீரியாடிக் கோப்புறையில் ஒரு நேர முத்திரையை வைத்துக்கொண்டு, இன்றைக்கு வேலை முடிந்துவிட்டது என்றால் சும்மா திரும்பிவிடும்.

ரிக்வயர்ஸ் ஏன் போடவில்லை? போட்டால் பட்டியல் வேலை தோற்கும் நாளில் அப்கிரேடும் நின்றுவிடும். பழைய பட்டியலில் இருக்கும் பாதுகாப்புத் திருத்தங்களாவது உட்காரட்டும் என்பது என் கட்சி. வேறு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை வந்த சிக்கல்: ரௌட்டர்

வரிசை சரியானது. மறுநாள் அண்ணன் மறுபடி போன். "நேத்து போட்டது ஒரு மெஷின்ல வேலை செய்யல தம்பி."

லாக் பார்த்தேன்.

ஜர்னல்சிடிஎல் -பி -யு ஆப்ட்-டெய்லி.சர்வீஸ் -யு ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ்

-பி என்றால் இந்த பூட் மட்டும். பட்டியல் வேலை ஓடியிருக்கிறது, சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வரிசையாக எச்சரிக்கை. அன்றைக்குச் சீரற்ற தாமதம் சின்னதாக விழுந்து, மெஷின் வந்த ரெண்டாவது நிமிடமே வேலை தொடங்கியிருக்கிறது.

மெயினைப் போட்டதும் கம்ப்யூட்டர், ரௌட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் ஒன்றாகவே உயிர்பெறுகின்றன. எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டர் அரை நிமிடத்தில் தயார். ஃபைபர் பெட்டி விளக்கு சிமிட்டிச் சிமிட்டி இணைப்பு பிடிக்கச் சில நிமிடம் ஆகும். இதற்காகத்தானே நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என்ற மைல்கல் (அதை எட்டும்வரை மற்ற வேலைகள் காத்திருக்கலாம்) இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சாதாரண அமைப்பில் அது பார்ப்பது, மெஷினுக்கு நெட்வொர்க் இணைப்பும் ஐபி முகவரியும் வந்துவிட்டதா என்பதை. ரௌட்டர் ஐபி கொடுத்துவிட்டால் திருப்தி. ரௌட்டருக்கு அந்தப் பக்கம் இணையம் இருக்கிறதா என்பது அதன் கவலை இல்லை. அந்தக் காத்திருப்புக்கும் நேர வரம்பு உண்டு. நெட்வொர்க்.டார்கெட் என்று பெயரில் ஆன்லைன் இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அதை நம்பவே வேண்டாம், நெட்வொர்க் நிர்வாக மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்லாது.

இந்த இடத்தில் பச்சை நிறத்தையும் நம்பாதீர்கள். இணையம் இல்லாதபோது கையால் ஆப்ட் அப்டேட் கொடுத்துப் பாருங்கள். இறங்கவில்லை, பழைய பட்டியலையே வைத்துக்கொள்கிறேன் என்று எச்சரித்துவிட்டு, வெற்றி என்ற குறியீட்டோடு முடியும். நிறத்தை விட்டுவிட்டு வரிகளைப் படியுங்கள்.

இரண்டாவது திருத்தம்: டைமரைக் கடைக்கு ஏற்ப மாற்றுதல்

பிங் போட்டு இணையம் வரும்வரை காத்திருக்கும் ஸ்கிரிப்ட் எழுதலாம். நான் எழுதவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு இருபது நிமிடத் தாமதமே போதும், பின்னால் யாரும் பராமரிக்கவும் வேண்டாம்.

சுடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்

[டைமர்]
ஆன்காலண்டர்=
ஆன்காலண்டர்=*-*-* 13:00
ஆன்பூட்செக்=20மின்
ரேண்டமைஸ்ட்டிலேசெக்=10மின்
பெர்சிஸ்டன்ட்=ஃபால்ஸ்

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. முதல் வரி காலியாக இருப்பது தட்டச்சுப் பிழை அல்ல. இந்த வகை அமைப்புகள் பட்டியலாகச் சேரும். காலி வரி கொடுத்துத் துடைக்காவிட்டால் பழைய 6 மணியும் இருக்கும், புதிய 13 மணியும் இருக்கும். ஆன்பூட்செக் என்பது பூட் ஆகி இத்தனை நேரம் கழித்து என்று அர்த்தம், தினமும் அணைத்துப் போடும் மெஷினுக்கு இதுதான் முக்கியம். ஆனால் யாராவது ஒரு வாரம் அணைக்காமல் விட்டால் பூட் கணக்கு ஒரே முறைதான் வரும், அதற்காகத்தான் மத்தியானம் 13:00. பத்து நிமிடச் சீரற்ற தாமதம் நாலு மெஷினும் ஒரே நொடியில் இணையத்தை இழுக்காமல் இருக்க.

பெர்சிஸ்டன்ட் ஏன் ஃபால்ஸ் என்பதை நானே இரண்டாம் முயற்சியில்தான் பிடித்தேன். ட்ரூ என்று விட்டால், ஞாயிறு கடை மூடியிருந்த 13:00 முறையைத் திங்கள் காலை பூட் ஆனதும் ஈடுகட்டக் கிளம்பிவிடும், 20 நிமிடம் எல்லாம் பார்க்காது. ரௌட்டர் இன்னும் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்.

சேமித்ததும்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்

மெஷின் பூட் ஆகி ஏற்கெனவே 20 நிமிடம் தாண்டியிருந்தால், அந்த நேரம் கடந்துவிட்டது என்று டைமர் அப்போதே வேலையைக் கிளப்பப் பார்க்கும். பதற வேண்டாம். காலண்டர் வரியில் சந்தேகம் இருந்தால் சிஸ்டம்டி-அனலைஸ் காலண்டர் என்று தட்டி, அந்த நேர வரியை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். அடுத்து எப்போது என்று அதுவே சொல்லும்.

ஆப்ட்-டெய்லி.டைமரை அப்படியே விட்டுவிட்டேன். அது தன் 12 மணி நேர லாட்டரியை ஆடிக்கொண்டிருக்கட்டும், பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை.

பழைய மெஷின்களில் கடிகாரம்

மூன்றாவது மெஷினில் மட்டும் வேறு வினோதம். லாக்கில் நேரம் நேற்றிரவு 9:02 என்று தொடங்கி, திடீரென்று இன்று காலை 9:41க்குத் தாவியது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தது. அது செத்தால் மெஷினுக்கு நேரம் தெரியாது. கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையம் வந்ததும் சரியான நேரத்துக்குத் தாவும். அந்த இடைவெளியில் ஆப்ட் ஓடினால், சர்வரில் இருக்கும் ரிலீஸ் ஃபைல் எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தெரியும். இது இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்துவிடும்.

பேட்டரியை மாற்றுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டியதில்லை, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்ற முடியாத மெஷின் என்றால் சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்.சர்வீஸை எனேபிள் செய்யலாம். ஆன்காலண்டர் வைத்த டைமர்கள் தாமாகவே டைம்-சிங்க்.டார்கெட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். இந்தச் சர்வீஸ் இல்லாவிட்டால் அந்த டார்கெட் வெறும் பெயர்ப்பலகை. ஒரு எச்சரிக்கை: இணையமே வராத நாளில் அந்த டைமர்கள் நாள் முழுக்கக் காத்துக்கொண்டே இருக்கும்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. இரண்டு ஆப்ட் சர்வீஸிலும் கண்டிஷன்ஏசிபவர்=ட்ரூ உண்டு. சார்ஜர் செருகாமல் இருந்தால் தோல்வி என்று காட்டாது, தவிர்க்கப்பட்டது என்று லாக்கில் ஒரு வரியோடு போய்விடும்.

ஃபெடோரா பக்கம் டிஎன்எஃப்-ஆட்டோமேட்டிக் ஒரே சர்வீஸாகப் பட்டியலையும் நிறுவலையும் பார்த்துக்கொள்வதால் அங்கே இந்த இரண்டு டைமர் சண்டை கிடையாது. ரௌட்டர் சண்டை உண்டு.

சரிபார்த்தல்

கடிகாரத்தை நம்ப முடியாத மெஷினில் நேரத்தை வைத்து வரிசையைப் பார்க்காதீர்கள். பூட் ஆனதிலிருந்து எத்தனை நொடி என்று பாருங்கள்:

ஜர்னல்சிடிஎல் -பி -ஓ ஷார்ட்-மோனோடோனிக் -யு ஆப்ட்-டெய்லி.சர்வீஸ் -யு ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ்

ஏறத்தாழ 1200 நொடிக்கும் 1800 நொடிக்கும் நடுவில் ஆப்ட்-டெய்லி தொடங்க வேண்டும். அது முடிந்த வரிக்குக் கீழேதான் அப்கிரேட் தொடங்கும் வரி வர வேண்டும். மேலே வந்தால் வான்ட்ஸ் வரி சேமிக்கப்படவில்லை, சிஸ்டம்சிடிஎல் கேட் போட்டு மறுபடி பாருங்கள். வரிசை சரியாக இருந்தும் பேக்கேஜ் நிறுவப்படவில்லை என்றால் சிக்கல் வரிசையில் இல்லை, எந்த மூலங்களை அனுமதிப்பது என்ற அமைப்பில் இருக்கிறது. அதற்கு:

சுடோ அன்அட்டெண்டெட்-அப்கிரேட் --ட்ரை-ரன் --டீபக்

எதையும் நிறுவாமல், எதை ஏன் ஒதுக்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்.

பூட்டும் மெயின் சுவிட்சும்

இனி அப்டேட் கடை நேரத்தில் ஓடும். அப்போது கையால் பிரிண்டர் டிரைவர் நிறுவப் போனால், டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் அடிப்படைக் கருவி) பூட்டு வேறொரு வேலையிடம் இருக்கிறது என்று செய்தி வரும். யாரோ சொன்னார்கள் என்று அந்தப் பூட்டு ஃபைலை அழிக்காதீர்கள். பூட்டு என்பது ஃபைல் இருப்பது அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் வேலை அதைப் பிடித்திருப்பது. அழித்தால் இருவர் ஒரே தரவுத்தளத்தில் எழுதத் தொடங்குவார்கள். அஞ்சு நிமிடம் பொறுங்கள், வாடிக்கையாளரைப் பக்கத்து மெஷினில் உட்கார வையுங்கள்.

அண்ணனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. ராத்திரி ஷட்டவுன் கொடுத்த பிறகு திரை அணையாமல் நின்றால், அந்தக் காவல்காரர் வேலை பார்க்கிறார் என்று அர்த்தம், அரை மணி வரைகூட அவர் பிடித்து வைக்கலாம், அதுவரை மெயினைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் பொறுமையிழந்து மெயினை இறக்கிவிட்டார். சனிக்கிழமை காலை டிபிகேஜி பாதியில் நின்றது என்று மெஷின் முரண்டு பிடித்தது. அதற்கு மருந்து:

சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

அதைப் போட்டுச் சரிசெய்த பிறகு அவரே ஒரு காகிதத்தில் "ஸ்கிரீன் ஆஃப் ஆன பிறகே மெயின்" என்று மார்க்கரால் எழுதி, மெயின் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டார்.